வாடகைக்கு மட்டும் யாரும் காசு தருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்னார்வலர்களைப் புகழாத மேடை தமிழ்நாட்டில் கிடையாது. டிசம்பர் 5 வந்தால் உலகத் தன்னார்வலர் நாள் வாழ்த்து, 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல் என்று எதை எடுத்தாலும் "இளைஞர்கள் தாமாகவே களத்தில் இறங்கினார்கள்" என்று ஒரு வரி. சந்தோஷம்தான். இறங்கியவர்கள் யார் காசில் பெட்ரோல் போட்டார்கள், யார் வீட்டு அரிசியைப் பொங்கிக் கொடுத்தார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அதைப் பற்றியும், ஊருக்குள் தாங்களாகவே கூடி நடத்தும் சிறு குழுக்களின் வாடகைக்கும் வழிச்செலவுக்கும் அரசு ஒரு சிறு நிதி தர வேண்டும் என்பதைப் பற்றியும்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கிறது என்று வெட்டுவதானால் சட்ட விதிகளைப் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள், வாடகையைப் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எங்கள் ஊரில் சில பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். நான் அதில் பொருளாளர், அதாவது வரவு செலவு நோட்டு என் வீட்டில் இருக்கும், காசு குறைந்தால் முதலில் என் பையிலிருந்து போகும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஏழரை மணி வரைக்கும் பாடம், வாசிப்பு, கொஞ்சம் விளையாட்டு, அவ்வளவுதான். ஆனால் ஊர்த்தெருப் பிள்ளையும் ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே குடத்துத் தண்ணீரை ஒரே டம்ளரில் குடிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கிறது. நோட்டு, பேனா கேட்டால் யாராவது வாங்கித் தருகிறார்கள். இடத்துக்குத்தான் திண்டாட்டம். இலவசமாக இடம் தர ஊரில் ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், சிக்கலே அங்கேதான். கோயில் மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர் ஒருவர் மனதாரத்தான் சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கத்து அம்மாக்கள் யாரும் பிள்ளையை அனுப்பவில்லை. "நீங்க நல்லவங்கதான் சார், ஆனா எம்பிள்ளை அந்தப் படி ஏறுச்சுன்னா நாளைக்கு எவனாவது ஒரு வார்த்தை சொல்லுவான், எதுக்குங்க வம்பு" என்றார் ஒரு அம்மா. சரி என்று அவர்கள் தெருவில் இருக்கும் சமுதாயக் கூடத்துக்கு மாற்றினோம். இப்போது ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நிற்க ஆரம்பித்தார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு டியூஷன், இன்னொருவன் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறான். உண்மைக் காரணத்தை ஒரு வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்புறம் கட்சிக்காரர் ஒருவர் தன் குடோனைத் தருவதாகச் சொன்னார், வாசலில் அவர் படம் போட்ட பிளெக்ஸ் மட்டும் இருக்க வேண்டுமாம். அந்த பிளெக்ஸைப் பார்த்தால் பாதி ஊர் வராது என்பது அவருக்கே தெரியும்.

கடைசியில் மெயின் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு சைக்கிள் கடையை மாதம் 1,500 ரூபாய் வாடகைக்கு எடுத்தோம். ஷட்டரைத் தூக்கினால் இன்னும் கிரீஸ் வாசனை வரும், மழை பெய்தால் பின்சுவர் ஊறும், பாயைச் சுருட்டி மேசை மேல் வைக்க வேண்டும். ஆனால் அது எந்தத் தெருவுக்கும் சொந்தமான இடம் இல்லை, அதனால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். சமத்துவத்தைப் பற்றி எத்தனையோ கூட்டத்தில் பேச்சுக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் அதன் விலை மாதம் 1,500 ரூபாய், கரண்ட் பில் தனி.

அரசுக்கு இது தெரியாத சங்கதியும் இல்லை. 1997-98இல் பெரியார் நினைவு சமத்துவபுரங்களைத் தொடங்கியபோது கணக்கே இதுதானே. பழைய தெருக்களுக்குள் சேர்ந்து வாழச் சொன்னால் நடக்காது, புதிதாக ஒரு பொது இடம் வேண்டும் என்றுதான் ஊருக்கு 100 வீடு கட்டி, 40 ஆதிதிராவிடருக்கு, பிற்பட்டோருக்கு 25, மிகப் பிற்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று கலந்து கொடுத்தார்கள், மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தது. வீடு கட்டிக் குடியமர்த்தும் அளவுக்கு அந்த யோசனை போனது. ஒரு மாலை வகுப்புக்கோ படிப்பகத்துக்கோ பொதுவான ஓர் அறையை வாடகைக்கு எடுக்கும் அளவுக்குக் கீழே இறங்கி வரவில்லை.

அடுத்தது ஆட்கள். தன்னார்வம் என்றால் சும்மா வருவது என்று நினைப்பவர்களைக் கூட்டி வந்து ஒரு மாதம் எங்கள் நோட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எங்களிடம் பாடம் எடுக்கும் பெண்களில் பலர் கல்லூரியில் படிப்பவர்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறார்கள். 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்த பிறகு கூடுதலாகச் சில பெண்கள் சேர்ந்தார்கள், இதை நான் அந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதுவேன், எந்த அதிகாரியும் எழுத மாட்டார். ஆனால் வகுப்பு முடிந்து கிளம்பும் நேரத்துக்கு அந்த பஸ் இருக்காது. ஷேர் ஆட்டோதான். அந்தக் காசை யார் கொடுப்பது? அப்பா கொடுத்தால் வருவாள், அப்பாவுக்குக் கூலி வேலை இல்லாத வாரம் என்றால் வர மாட்டாள். செலவைக் கொடுக்காமல் தன்னார்வலரைக் கூப்பிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் வரும். கொஞ்ச நாளில் சொல்லிக்கொடுப்பது எப்போதும் அந்தப் பக்கம், கேட்டுக்கொள்வது எப்போதும் இந்தப் பக்கம் என்று ஆகிவிடும். ஏற்றத்தாழ்வைக் குறைக்கத் தொடங்கிய வகுப்புக்குள்ளேயே இன்னொரு ஏற்றத்தாழ்வு.

இதையும் அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்தார்கள். சம்பளம் என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள், செலவுக்கு ஆகும். அந்த நியாயம் அரசுத் திட்டத்துக்குள் வந்த தன்னார்வலருக்கு மட்டும்தானா, ஊருக்குள் தாங்களாகவே கூடி நடத்துபவர்களுக்கு இல்லையா?

கம்பெனிகளிடம் கேட்கலாமே என்பார்கள். கேட்டோம். சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் தம்பி ஒருவர் வந்து பார்த்தார், பிள்ளைகளோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார், நல்ல பையன். "பேக் தரலாம் சார், ஸ்மார்ட் டிவி தரலாம், சுவருக்கு பெயின்ட் அடிச்சு லோகோ போட்டுக்கலாம், வாடகை மட்டும் கேக்காதீங்க, அது ரெக்கரிங், மாசாமாசம் வரும்" என்றார். வாடகைக் கடையின் சுவரில் எப்படி லோகோ போடுவது என்று கேட்டேன், சிரித்துவிட்டார். அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவர் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும், வாடகை ரசீதைப் படம் எடுத்தால் என்ன தெரியும்.

சட்டத்தைப் பார்த்தால் கதவு திறந்துதான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற ஏழாவது அட்டவணையில் ஆண் பெண் சமத்துவமும் இருக்கிறது, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தங்கியவர்கள் படும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் இருக்கிறது. ஆக, பட்டியலில் நாங்கள் இருக்கிறோம். ஆனால் பணம் வாங்கும் அமைப்பு பதிவு பெற்ற டிரஸ்டாகவோ சங்கமாகவோ இருக்க வேண்டும், 12ஏ, 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகைப் பதிவுகள் வேண்டும், இதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தை நிரப்பி எண் வாங்கியிருக்க வேண்டும். படிவத்தை ஆடிட்டர் மாதிரி ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆடிட்டர் கேட்கும் பீஸ் எங்கள் பல மாத வாடகை.

முன்பெல்லாம் இன்னொரு வழி இருந்தது. பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று வெளிநாட்டு நிதி வாங்கி, அதில் சிறு தொகைகளை உள்ளூர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள், அப்படிப் பிரித்துக் கொடுப்பதற்கே தடை வந்தது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை என்று இருந்ததும் 20 சதவீதம் ஆனது. நேரடியாக வாங்கலாமே என்றால், பதிவு கேட்கும் அமைப்பு முந்தைய மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும் என்று விதி. வெளிநாட்டுப் பணத்தைக் கண்காணிக்க வேண்டும் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை, எங்கிருந்தோ வரும் காசுக்கு இங்கே யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும். அந்த வாய்க்காலை அடைத்தவர்கள் பதிலுக்கு உள்நாட்டில் ஒரு சின்ன மடையாவது திறந்து விட்டிருக்கலாம்.

சங்கமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் நிறைய. செய்யலாம், ஏழு பேர் இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பதிவதோடு முடியாது. ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், நிர்வாகி மாறினால் படிவம், தாமதமானால் அபராதம். எங்கள் குழுவில் பாதிப் பேர் தினக்கூலிக்குப் போகிறவர்கள். பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, அதிகாரி கேம்ப் போயிருந்தால் மறுநாள் கூலியும் போச்சு.

மாநில அரசின் திட்டங்களில் எங்களுக்குக் கிட்டத்தில் வருவது நமக்கு நாமே திட்டம். நல்ல திட்டம்தான், மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆனால் அது கட்டடம், சுற்றுச்சுவர், குளம் தூர்வாருவது மாதிரி கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு. தீண்டாமை இல்லாமல் வாழும் ஊருக்கு 10 லட்சம் ரூபாய் பரிசும் இருக்கிறது, அதையும் வரவேற்கிறேன். ஆனால் பரிசு ஏற்கனவே ஜெயித்தவர்களுக்கு. தோற்றுக்கொண்டிருக்கும் ஊரில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு என்ன இருக்கிறது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். கூடப் படிக்கும் பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, சாதியைக் காட்டும் கலர் கயிறு கையில் கட்டக் கூடாது என்பதில் தொடங்கிப் பல பரிந்துரைகள். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குள் நடக்க வேண்டியவை. பள்ளிக்கூடம் நாலரைக்கு மூடிவிடும். அதன் பிறகு தூங்கும் வரைக்கும் பிள்ளை தெருவின் பொறுப்பில். கயிற்றை அவன் கட்டிக்கொள்வது அந்த நேரத்தில், அந்த இடத்தில், அங்கே இருக்கும் அண்ணன்களின் கையால். அந்த நேரத்தில் வேறு மாதிரி அண்ணன்களும் அக்காக்களும் ஊருக்கு நாலு பேர் இருந்தால் நல்லதா இல்லையா? அவர்கள் இருக்கிறார்கள் சார், ஷேர் ஆட்டோவுக்குக் காசில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள்.

பக்கத்து மாநிலத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாம். கேரளத்தில் ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு நடத்தும் கிராம நூலகங்கள் ஏராளம். பி. என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய இயக்கம் அது. இன்றைக்கு 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாநில நூலக கவுன்சில் அந்த நூலகங்களை ஏ முதல் எஃப் வரை தரம் பிரித்து ஆண்டு மானியம் கொடுக்கிறது, நூலகருக்கும் ஓர் அலவன்ஸ் உண்டு. நூலகம் அரசுடையது ஆகிவிடவில்லை, ஊருடையதாகவே இருக்கிறது. நாமும் சளைத்தவர்கள் இல்லை, சுதந்திர இந்தியாவில் முதலில் 1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து வீட்டுவரியோடு நூலக வரி வாங்கியது சென்னை மாகாணம்தான். இங்கிலாந்தில் இன்னும் எளிது. லாட்டரிப் பணத்திலிருந்து சமூகக் குழுக்களுக்கு 300 பவுண்டு முதல் 20,000 பவுண்டு வரை தருகிறார்கள், பதிவே செய்யாத குழுவும் கேட்கலாம். குழுவின் விதிகளை எழுதிய ஒரு தாள், குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, கையெழுத்துப் போட உறவினர் அல்லாத இரண்டு பேர், இவை இருந்தால் போதும். தன்னார்வலரின் பயணச் செலவை விண்ணப்பத்திலேயே எழுதலாம். நம் ஊரில் லாட்டரியே வேண்டாம், விண்ணப்பத்தை மட்டும் அங்கிருந்து காப்பி அடித்தால் போதும்.

கிராமத்து ஆட்கள் கையில் பணம் கொடுத்தால் கணக்கு வராது என்று ஓர் எண்ணம் அதிகாரிகளுக்கு உண்டு. 1989இல் தர்மபுரியில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு மகளிர் குழுக்களைத் தொடங்கியபோதும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் வந்து உட்கார்ந்த பெண்கள் இன்று வங்கியில் லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டுகிறார்கள். 2005இல் உலக வங்கி உதவியோடு வந்த புது வாழ்வுத் திட்டத்தில் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் கணக்குக்கே நேராகப் பணம் வந்தது, அதைச் சரிபார்க்க ஊருக்குள்ளேயே சமூகத் தணிக்கைக் குழு இருந்தது. முறை தெரியும், பழக்கமும் இருக்கிறது.

உண்மையான பயம் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிறு குழுக்களுக்கென்று இப்படி ஒரு நிதி வந்தால் ஒன்றியச் செயலாளரின் மச்சான் மறுநாளே "சமத்துவ இளைஞர் நற்பணி மன்றம்" என்று ஒரு போர்டு மாட்டுவார். கட்டாயம் மாட்டுவார். அதனால்தான் தொகை சின்னதாக இருக்க வேண்டும் என்கிறேன், மச்சான்களுக்கு ஆசை வராத அளவுக்கு. எங்கள் கணக்கில் வாடகை ஆண்டுக்கு 18,000, சுண்டல், சாக்பீஸ், கரண்ட் எல்லாம் சேர்ந்து ஒரு 20,000, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் 15,000. ஒரு குழுவுக்கு 60,000 ரூபாய் தாராளம். ஒரு ஒன்றியத்துக்குப் பத்துக் குழு என்றால் 388 ஒன்றியங்களுக்கும் சேர்த்து 23 கோடியே 28 லட்சம். ஆண்டு பட்ஜெட் 3 லட்சம் கோடியைத் தாண்டிய மாநிலம் இது. மொத்தத்தையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம், மூன்று தவணையாகக் கொடுங்கள். அடுத்த தவணைக்கு முன்னால் கிராம சபையில் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள், ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறதே. பிளெக்ஸ், பரிசுக் கோப்பை, சால்வை இதற்கெல்லாம் இந்தப் பணத்தில் ஒரு பைசா செலவழிக்கக் கூடாது என்று விதியில் முதல் வரியாகவே போடுங்கள், பாதி போர்டுகள் அன்றைக்கே இறங்கிவிடும்.

இன்னொரு நிபந்தனையும் வேண்டும், சிலருக்கு இது பிடிக்காது. குழுவில் ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், காசோலையில் கையெழுத்துப் போடும் இருவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. காகிதத்தில் பெயரை மட்டும் எழுதி ஏமாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் கிராம சபையில் கணக்கை வாசிக்கும்போது அந்தப் பெயருக்குரியவர் எழுந்து நிற்க வேண்டும் என்று வைத்தால் ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம். விண்ணப்பம் தமிழில், இரண்டு பக்கத்துக்குள். தேர்ந்தெடுத்தவர்கள் பட்டியலும் கிடைக்காதவர்கள் பட்டியலும் காரணத்தோடு ஒன்றிய அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

இதற்காகப் புதிதாக ஒரு துறை, ஓர் இயக்குநர், ஒரு கார் வேண்டாம். மகளிர் திட்டத்துக்கு ஒன்றியம் வரைக்கும் ஆள் இருக்கிறது, ஏற்கனவே குழுக் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள், அவர்களிடமே கொடுக்கலாம். வேளாண் பட்ஜெட்டுக்கு முன்னால் விவசாயிகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறது அரசு. அதே மாதிரி எங்களைப் போன்ற குழுக்களையும் மாவட்ட அளவில் ஒரு நாள் கூப்பிட்டால் இன்னும் விவரமாகச் சொல்வோம். எல்லா மாவட்டத்திலும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை, சில ஒன்றியங்களில் சோதித்துப் பார்த்தாலும் சரி. ஜூனில் பள்ளி திறக்கும்போது வகுப்பும் தொடங்க வேண்டுமென்றால் மே மாதத்துக்குள் முதல் தவணை கைக்கு வர வேண்டும், அதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
மாலை வகுப்புக் குழு ஒன்றின் பொருளாளர்,
விழுப்புரம் மாவட்டம்.